நோயா, நடிப்பா? வார்டர் தீர்மானிக்க வேண்டாம்

சிறையில் மாலைக் கணக்கெடுப்பு முடிந்து கைதிகளை உள்ளே அடைத்துவிட்டால், விடியும்வரை அவர்களுடைய உடல்நிலைக்கு முதல் சாட்சி அந்தப் பிளாக்கில் சுற்றிவரும் வார்டர்தான். அறைச் சாவி பெரும்பாலும் அவரிடம் இருக்காது. கதவைத் திறக்க மேலதிகாரி வர வேண்டும். வெளி மருத்துவமனைக்கு அனுப்ப ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வர வேண்டும். பல சிறைகளில் அந்நேரத்துக்கு டாக்டரும் இருக்க மாட்டார். அப்போது ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தால், 'என்ன நோய்?' என்று கேட்பதற்கு முன்பே வார்டரின் மனதில் 'நடிக்கிறானா?' என்ற கேள்வி எழுந்துவிடும். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் சந்தேகப்படுவதுதான் அவருடைய வேலை. அதற்குத்தான் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறோம். டாக்டர் பற்றாக்குறை, மருந்துப் பற்றாக்குறை, நெரிசல் என்று சிறை மருத்துவத்தின் குறைகளை எத்தனையோ அறிக்கைகள் அடுக்கியிருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நோயா நடிப்பா என்று தீர்மானிக்கும் சுமையை வார்டரின் தோளிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் இந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றவே இல்லை. மருத்துவ ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கைதி சொன்னாலும், உடலோ மனமோ சரியில்லாதவராக ஒருவர் தென்பட்டாலும், அவருக்குப் பொறுப்பான ஊழியர் தாமதமின்றி ஜெயிலரிடம் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 37ஆவது பிரிவு. ஜெயிலரும் தாமதமின்றி மருத்துவ ஊழியரின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். உண்மையான நோய்தானா என்று இடையில் யாரும் சலித்துப் பார்க்கும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் என்று நாம் ஒதுக்கிப் பேசும் ஒன்றில் இந்த அளவுக்குத் தெளிவு இருக்கிறது. நடைமுறையைக் கெடுத்தது வேறொரு கணக்கு. அலட்சியத்தால் கைதியைத் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 223ஆவது பிரிவு. இப்போதைய நியாய சம்ஹிதாவிலும் அந்தக் குற்றம் தொடர்கிறது. அதற்கு முன்பே சஸ்பென்ஷன் உத்தரவு கைக்கு வந்துவிடும். இரவு 2 மணிக்கு வலி என்று சொன்னவர் காலை 6 மணிக்கு இறந்துகிடந்தாலோ, மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும், மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போகும். மாரடைப்பு என்று பிரேதப் பரிசோதனை சொல்லிவிட்டால், இடையில் போன நான்கு மணி நேரத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழாது. ஒரு பக்கம் வேலை போகும், மறுபக்கம் விசாரணையோடு முடியும் என்றால், நல்ல மனிதர்கூட விடியட்டும் என்று காத்திருக்கத்தான் பழகுவார்.

இந்தக் காத்திருப்பின் விலை எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். அவற்றில் 1,773 மரணங்கள் இயற்கையானவை, 159 இயற்கைக்கு மாறானவை. இயற்கை என்ற தலைப்பின் கீழ் இதய நோய், நுரையீரல் நோய், காசநோய் என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். முதல் முறையீட்டுக்கும் முதல் மருத்துவப் பரிசோதனைக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் சொல்ல அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. 1,382 சிறைகளின் நிலைமை பற்றிய வழக்கில் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த இடம் உறுத்தியது. உரிய மருத்துவ கவனிப்போ, உரிய நேரத்தில் கவனிப்போ கிடைக்காமல் ஒருவர் இறந்தால் அது இயற்கை மரணமா, இயற்கைக்கு மாறானதா என்று நீதிபதி மதன் லோகுர் தலைமையிலான அமர்வு கேட்டது. ஆவணக் காப்பகம் இதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகும் பெருவாரியான மரணங்கள் இயற்கை என்ற தலைப்பிலேயே போய்ச் சேருகின்றன.

நடிப்பு என்ற சந்தேகம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் 2017இல் நடந்த மரணம் ஓர் உதாரணம். சர்க்கரை நோயாளியான ஒரு பெண் கைதி அறைத் தரையில் மணிக்கணக்காகக் கிடந்தார். அவர் நடிக்கிறார் என்றே ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. சில நாள்களில் இறந்துபோனார். அடிப்படைப் பரிசோதனைகள்கூட உரிய நேரத்தில் நடக்கவில்லை என்பது 2019இல் நடந்த மரண விசாரணையில் வெளிப்பட்டது. இந்தச் சம்பவம் என் வாதத்தையும் கொஞ்சம் திருத்துகிறது. அங்கே நர்ஸ்கள் இருந்தார்கள். காவலர்களின் சந்தேகம் அவர்களையும் தொற்றிக்கொண்டது. ஆகவே முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சீருடையிலிருந்து வெள்ளைக் கோட்டுக்கு மாற்றினால் மட்டும் போதாது. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்து எழுதாமல் யாரும், டாக்டரே ஆனாலும், நடிப்பு என்ற முடிவுக்கு வரக் கூடாது. சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தமும் ஒரு நிமிடமும் போதும். நடிப்பவரும் அதில் மாட்டிக்கொள்வார் என்பது கூடுதல் வசதி.

இங்கே தமிழ் வாசகர் குறுக்கிடுவார் என்று தெரியும். கைதானதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் அரசியல்வாதிகளை நாம் பார்க்காததா? நியாயமான கேள்விதான், அந்தக் கேலிக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் 2023 ஜூனில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியை 14ஆம் தேதி அதிகாலை அமலாக்கத் துறை கைது செய்தது. அவர் வலியில் துடித்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது; நாடகம் என்று பலர் சிரித்தார்கள். ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எடுத்த ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு தெரிந்தது. 21ஆம் தேதி தனியார் மருத்துவமனையில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் மீதான வழக்கின் நியாயம் வேறு விஷயம். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஒரு முகத்தைப் பார்த்து இதயத்தின் நிலையைச் சொல்லிவிடலாம் என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பது மட்டுமே இங்கே முக்கியம். அமைச்சருக்கு ஆஞ்சியோகிராம் பதில் சொன்னது. செல்வாக்கில்லாத விசாரணைக் கைதிக்கு யார் பதில் சொல்வார்? வசதியுள்ளவர்கள் மருத்துவமனைப் படுக்கையைத் தவறாகப் பயன்படுத்துவது உண்மையென்றால், இன்றைய முறை அவர்களைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. அவர்களுடைய நெஞ்சுவலியை வார்டரா வடிகட்டுகிறார்? வடிகட்டப்படுகிறவர் யாரையும் தெரியாத ஏழைதான்.

அடுத்து வரும் ஆட்சேபம் பாதுகாப்பு. மருத்துவமனையிலிருந்து கைதிகள் தப்பியோடிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. வழிக்காவலுக்குப் போலீஸ் போதவில்லை என்று சிறை அதிகாரிகள் சொல்வதும் சாக்கு இல்லை. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்று மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. 2022இல் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைபட்டிருந்தார்கள். இந்த நெருக்கடியை ஒத்துக்கொண்டே ஒன்றைச் சொல்லலாம். ஒருவர் போக வேண்டுமா என்பது ஒரு கேள்வி, எப்படிப் போக வேண்டும் என்பது இன்னொன்று. முன்னதை உடல்நிலை தீர்மானிக்கட்டும். எத்தனை காவலர், எந்த வண்டி, எந்த வார்டு என்பதைச் சிறை நிர்வாகம் தீர்மானிக்கட்டும். அங்கேயும் எல்லை உண்டு. அசாமில் தடா கைதிகளை மருத்துவமனைக் கட்டிலில் விலங்கு மாட்டிக் கட்டிவைத்திருந்த விவகாரத்தில், மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 27ஆவது விதி இதே கோட்டைத்தான் போடுகிறது. மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர் மட்டுமே எடுக்கலாம். சிறை ஊழியர்கள் அதை மீறவோ புறக்கணிக்கவோ கூடாது.

இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்டேன் சாமியின் வழக்கில் பார்த்தோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த அந்தப் பாதிரியாரை 2020 அக்டோபரில் கைது செய்தபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியவில்லை. ஸ்ட்ராவும் உறிஞ்சிக் குடிக்கும் கோப்பையும் கேட்டு அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. மனுவுக்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. சிறை மருத்துவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முடித்திருக்க வேண்டிய காரியம் அது. பார்க்கின்சன் நோயாளிக்கு ஸ்ட்ரா பாதுகாப்புப் பிரச்சினையும் அல்ல, சட்டப் பிரச்சினையும் அல்ல. ஆனாலும் அதை இல்லை என்று சொல்லும் தைரியம் எல்லாருக்கும் இருந்தது, சரி என்று சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. அவர் 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார்.

குற்றவாளிகளுக்கு ஏன் இவ்வளவு கரிசனம், வெளியில் ஏழைகள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நிற்கிறார்கள். தங்கள் காலால் நடந்து போய் நிற்கிறார்கள். சிறையில் இருப்பவருக்கு அந்தக் கால்களை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. 108க்கு அவரால் போன் செய்ய முடியாது. குற்றவாளிகள் என்ற சொல்லும் அவ்வளவு சரியில்லை. 2022 கணக்குப்படி சிறைகளில் இருப்பவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். தண்டிக்கப்பட்டவர் விஷயத்திலும் நீதிபதி எழுதிய தண்டனை இத்தனை ஆண்டு சிறை என்பதுதான்; மூச்சுத் திணறலோடு விடியும்வரை கிடப்பது அதில் சேரவில்லை.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம், ரத்தப்போக்கு என்று ஒரு சிறு பட்டியல் போதும். இவற்றில் எது கண்ணில் பட்டாலும், அல்லது கைதியோ உடனிருப்பவர்களோ சொன்னாலும், வார்டர் செய்ய வேண்டியது நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவ ஊழியரை அழைப்பது மட்டும். ஒவ்வொரு மத்தியச் சிறையிலும் இரவுப் பணியில் ஒரு நர்ஸ், அவருக்குப் பின்னால் வீடியோ அழைப்பில் ஒரு டாக்டர். கிளைச் சிறைகளில் நேராக 108. அனுப்ப வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் பெயரும் காரணமும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் 'காலையில் பார்க்கலாம்' பேப்பரில் வரும்போது எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசியம் வார்டருக்கான பாதுகாப்பு. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்று பயந்து ஒதுங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் தலையிட்டது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது; நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு இல்லை என்று ஆனது. அதே உறுதியை வார்டருக்கும் ஏன் தரக் கூடாது? அழைத்தது வீண் அலைச்சலாக முடிந்தாலும் அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. பத்து பேரில் ஏழு பேர் நடித்தவர்களாகவே இருக்கட்டும். அந்த ஏழு வீண் அழைப்புகளின் செலவு நர்ஸின் சில நிமிடங்கள்தான். ஏமாற்றியவர் யார் என்று மருத்துவக் குறிப்பே காட்டும். அவர் மீது சிறை விதிப்படி நடவடிக்கை எடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

சிறை மருத்துவத்தை முழுவதுமாக மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் கொண்டுவருவது இதற்கு அடுத்த படி. நார்வே 1988இல் செய்தது, பிரான்ஸ் 1994இல் செய்தது, இங்கிலாந்தில் 2006க்குள் தேசிய சுகாதார சேவை பொறுப்பேற்றது. பீட்டர்பரோ மரணம் அதற்குப் பிறகுதான் நடந்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். துறை மாறினாலும் இரவில் என்ன நடக்கிறது என்று எழுதிவைக்காவிட்டால் பலன் குறைவு. தமிழ்நாட்டில் புழல் முதல் பாளையங்கோட்டை வரை 9 மத்தியச் சிறைகள் இருக்கின்றன. முறையிட்ட நேரம், பரிசோதித்த நேரம், அனுப்பிய நேரம் என்று மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேட்டை அவற்றில் நாளையே தொடங்கச் சிறைத்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஆண்டு சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது, அந்த மூன்று நேரங்களுக்கும் இடையிலான சராசரி இடைவெளி எவ்வளவு என்று ஏதாவதொரு உறுப்பினர் எழுந்து கேட்கலாம்.