கதிரவன் நமது, கருவி யாருடையது?

தோழனே!

"தண்ணீர் இல்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று அதிகாரிகளை மிரட்டுவார்களே, அந்தக் காடு எது? நமது இராமநாதபுரம்! அச்சீமையிலே, கமுதியிலே, 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். 25 இலட்சம் பலகைகள். வாட்டிய வெயில் விளக்கேற்றிற்று. வாழ்த்துவோம்!

ஆனால், கேள். உலகைப் புகையால் சூடேற்றிய செல்வ நாடுகள் 1992-இல் வாக்களித்தன: தூய தொழில்நுட்பம் வளரும் நாடுகளை அடைய வழிவகுப்போம், பொருளும் தருவோம் என்று. அமெரிக்காவும் ஒப்பமிட்டது. பின்னர் நடந்தது என்ன? நமது சூரியத் திட்டத்தில் நம் நாட்டில் செய்த கலங்கள் வேண்டுமென நாம் நிபந்தனை விதித்தோம். 2013-இல் வழக்காடியது அதே அமெரிக்கா! கமுதி ஒளிர்ந்த அதே செப்டம்பரில், உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் நமக்கெதிராகத் தீர்ப்பளித்தது. கற்றுத் தருவேன் என்றவன், கற்பவனுக்குக் கைகொடுக்காதே என்கிறான், இதுவா வள்ளன்மை?

நம்மால் முடியுமா என்பாரும் உளர். நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானில் இன்று சூரியக்கலம் பிறக்கிறது. வேறு சான்று வேண்டுமோ? கமுதியில் பலகை துடைக்க இயந்திரமனிதன் வந்துவிட்டான். பலகை ஆக்கும் வித்தை முதுகுளத்தூர் இளைஞனுக்கு வர வேண்டாமா?

கடல் பொங்கினால் முதலில் நனைவது இராமேசுவரக் கரையின் குடிசை, புகைவிட்டவன் மாளிகையன்று. ஆகவே கேட்போம், உரக்கக் கேட்போம்! இதுவரை அதிகாரிகளை இங்கே மாற்றினீர். இனி அறிவை மாற்றித் தாரும்! கேட்பது பிச்சையன்று; 1992-இன் கடன்!