டிராகன் கதையும் நம் வாசகர் தீர்ப்பும்

சென்ற பருவத்தின் இறுதியில் நம் துறை வாசகர் வட்டம் கூடியிருந்த ஒரு பிற்பகலில் சமுதாயப் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஏழை மாணவர் பலருக்குக் கட்டணம் செலுத்தி, அதனை வெளியில் சொல்லாதவர். அன்று அவர் கையில் தடித்த ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. தாள்களின் விளிம்பிலும் கறுப்பு வண்ணத்தில் டிராகன் தீட்டப்பட்டிருந்தது. பேத்தியின் பையில் கண்டெடுத்ததாகக் கூறி அதனை மேசைமேல் வைத்தார். "படிக்க அனுப்பினால் பிள்ளைகள் பாம்பையும் பிசாசையும் காதலையும் படிக்கிறார்கள். நீங்களெல்லாம் இதைக் கவனிப்பதில்லையா சார்?" என்று கேட்டார். மாணவியர் பைகளை வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நாம் உடனே விடை கூறவில்லை. கூறும் தகுதி அன்று நமக்கு இல்லை. நாம் அந்நூலைப் படித்திருக்கவில்லை. பெரியவரும் படித்திருக்கவில்லை. படித்திருந்த மாணவியர் எழுவர் அதே அறையில்தான் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. படியாதவர் பேச, படித்தவர் வாளாவிருக்க, அக்கூட்டம் முடிந்தது. அது நம் மனத்தை உறுத்தியதால், நூலை இரவல் வாங்கி இருபது நாளில் படித்து முடித்தோம்.

நூலின் பெயர் 'ஃபோர்த் விங்'. அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸ் எழுதியது. 2023 மே மாதம் வெளிவந்தது. இவ்வரிசையின் மூன்றாம் நூலாகிய 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 சனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 இலட்சம் படிகள் விற்றன என்றால், இதனைப் படிப்போர் தொகையை ஒருவாறு உணரலாம். கதைத்தலைவி வயலட் இருபது வயதுப் பெண். தந்தையைப் போலவே ஆவணக் காப்பகத்தில் எழுத்தராக விரும்பி வளர்ந்தவள். படைத்தலைவியான தாயோ, டிராகன் ஊர்வோரைப் பயிற்றும் போர்க் கல்லூரிக்கு அவளை அனுப்பிவிடுகிறாள். எளிதில் மூட்டு நழுவி எலும்பு முறியும் உடல் அவளுடையது. அக்கல்லூரியில் தேறாதவர் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை, பெரும்பாலும் இறந்துபடுகின்றனர். (நம் பருவத் தேர்வு முறை கொடிதென்போர் இதனைக் கவனிக்க.) அங்கே மனிதர் டிராகனைத் தேர்வதில்லை, டிராகனே தனக்குரியவரைத் தேர்கிறது. அவள் காதல் கொள்ளும் இளைஞனோ, தன் அண்ணனைப் பலிகொண்டதாக அவள் நம்பும் கலகத்தின் தலைவனுக்கு மகன். அத்தலைவனுக்கு மரண தண்டனை விதித்தது அவள் தாய் பணிபுரியும் அரசு.

அடுத்த கூட்டத்தில் மாணவியரிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டோம். பெயர் எழுத வேண்டா என்றோம். ஏழு பக்கங்கள் வந்தன. அவற்றுள் மூன்று, 'அருமை', 'இரவெல்லாம் உறங்கவில்லை', 'ஐந்து நட்சத்திரம்' என்பவற்றைத் தாண்டவில்லை. உணவு விடுதியில் பரோட்டாவுக்குக் கொடுக்கும் நட்சத்திரத்தை நூலுக்கும் கொடுத்துவிட்டால் கருத்துச் சொன்னதாகிவிடும் என்று இளையோர் எண்ணுகின்றனர் போலும். படியாமலே ஒதுக்கிய பெரியவரின் தீர்ப்புக்கும் இதற்கும் நீளத்தில் வேற்றுமை இல்லை.

எஞ்சிய நான்கும் வேறு வகை. நாயகனின் அழகை இத்தனை முறை வருணிக்க வேண்டுமா, ஒரு முறை சொன்னால் எங்களுக்குப் புரியாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய காலம் போலத் தோன்றும் நாட்டில் எல்லாரும் இன்றைய அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் போலப் பேசுவது பொருந்தவில்லை என்று இன்னொருவர் குறித்திருந்தார். மூன்றாமவர் எழுதியது நம்மை நிறுத்திப் படிக்க வைத்தது: 'அவளுடைய மூட்டு நோவை எந்த மந்திரமும் குணப்படுத்தவில்லை. நோவோடுதான் அவள் டிராகன்மேல் ஏறுகிறாள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்.' நூலாசிரியர் யாரோசுக்கும் உடலின் இணைப்புத் திசுக்களைத் தளர்த்தும் எலர்ஸ்-டான்லோஸ் என்னும் நோய் உண்டு என்பதை அம்மாணவி அறிந்திருக்கவில்லை. அறியாமலே நூலின் மெய்யான இடத்தைத் தொட்டுவிட்டார்.

நான்காம் பக்கத்தை எழுதியவர் மேலப்பாளையத்திலிருந்து வருபவர் என்பது எழுத்தில் தெரிந்தது. உம்மா பீடி சுற்றிப் படிக்க வைப்பதாகவும், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றதாகவும், பாடநூல் அல்லாத ஓர் ஆங்கில நூலைத் தாம் முழுமையாகப் படித்தது இதுவே முதல்முறை என்றும் எழுதியிருந்தார். கைப்பேசி அகராதியைத் துணைக்கொண்டு இரண்டு மாதம் படித்தாராம். 'சில பக்கங்களைத் தள்ளிவிட்டேன். கதைக்கு ஒன்றும் குறையவில்லை' என்று ஒரு வரி. ஐந்நூறு பக்க அளவுள்ள ஆங்கில நூலைத் தம் முயற்சியால் படித்து முடித்து, எதைத் தள்ளலாம் என்றும் தாமே முடிவு செய்த ஒருவரின் பையைச் சோதிப்பதால் நாம் எதைக் காக்கப் போகிறோம்?

பெரியவர் கூற்றில் ஒரு பாதி சரி. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. இந்நூலை இளையோர் நாவல் என்று பலரும் கூறினும், பதிப்பகம் இதனை வயது வந்தோர்க்கென்றே வெளியிட்டது. சில பக்கங்களில் படுக்கையறைச் செய்திகள் திரையின்றி எழுதப்பட்டுள்ளன. அவை கதைக்கு வேண்டாதவை என்பதற்கு மேலப்பாளையத்து மாணவியே சான்று. பள்ளிப் பிள்ளையின் கையில் இந்நூல் இருத்தல் தகாது. ஆயின் பெரியவரின் பேத்தி பள்ளிப் பிள்ளை அல்லர். இரண்டாமாண்டு இளங்கலை மாணவி.

மறு பாதியை நாம் ஏற்பதற்கில்லை. பேசும் விலங்கும் பெரும்பாம்பும் காதலும் நமக்கு அந்நியம் என்று அவர் கருதுகிறார். கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத நெல்லைப் பிள்ளைகள் குறைவு. அங்கு யாளிகள் இருக்கும் அதே கோயிலில்தான் இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனும் கல்லில் நிற்கிறான். இது கிடக்க. உமறுப்புலவரின் சீறாப்புராணம், விலாதத்துக் காண்டத்தின் படலப் பெயர்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஷாம் நகருக்கு வணிகம் போகும் வழியில் பாந்தள் வதைத்த படலம் வருகிறது. பின்னர்ப் புலி வசனித்த படலம். அதனை அடுத்துப் பாந்தள் வசனித்த படலம். பாந்தள் என்பது மலைப்பாம்பு. நாம் இரண்டையும் ஒரு தட்டில் வைக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அது நபிகள் நாயகத்தின் திருவாழ்வு, இது பொழுதுபோக்குக் கற்பனை. நாம் காட்ட வருவது கேட்போரின் செவியை. வழியை மறிக்கும் பெரும்பாம்பையும் வாய்திறந்து பேசும் புலியையும் தமிழில் கேட்டு வியந்த செவி, நம் உம்மம்மாமார் காலத்திலிருந்தே நமக்கு உண்டு. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் 1842-இல் சீறாவை அச்சேற்றியதற்கு முன்னரே ஏட்டிலிருந்து அதனைப் படிக்கக் கேட்ட ஊர்கள் இக்கரையில் இருந்தன.

காதலுக்கு வருவோம். பொருநைக் கரையில் வளர்ந்தவர் காதல் கதைக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரில் நிற்பவன் முத்துப்பட்டன். பிராமண இளைஞன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்காள் தங்கையர் பாடக் கேட்டு மனம் பறிகொடுத்தான். அவர்கள் வாலப்பகடை என்னும் அருந்ததியரின் மக்கள். தந்தை பெண் கொடுக்க மறுக்கவில்லை. ஆனால் விலை கேட்டார். குடுமியை அறுக்க வேண்டும், பூணூலைக் களைய வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும். முத்துப்பட்டன் மூன்றையும் செய்தான். மணம் முடிந்த இரவிலேயே மாடுகளைக் கள்வர் கவர்ந்த செய்தி வர, எழுந்து சென்று பொருது மாண்டான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர். இன்றும் அச்சந்நிதியில் மக்கள் காணிக்கையாகச் செலுத்துவது செருப்பு.

இக்கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டவர் பலர். அச்சில் படித்தவர் சிலர். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. அவர் சுட்டிய செய்தி ஒன்று நம் பொருளுக்கு உயிரானது. அப்பெண்கள் பிறப்பால் பிராமணரே, காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று கதையில் ஒரு பகுதி வழங்குகிறது. அது பின்னாளில் ஒட்டப்பட்டது என்பது அவர் முடிவு. மேல்சாதிக் கேட்போர்க்குக் கதை உறுத்தியது. உறுத்தல் தீர ஓர் ஒட்டு வைக்கப்பட்டது. கேட்டவர் கருத்து கதையையே மாற்றிவிட்டது! ஒட்டை ஏற்றுக்கொண்டால், முத்துப்பட்டன் அறுத்த குடுமிக்கும் தைத்த செருப்புக்கும் என்ன பொருள்? அவன் இழந்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். வாசகர் கருத்தைச் சிறு பொருளாக நாம் நினைப்பதற்கில்லை.

இந்த அளவுகோலை வைத்தே 'ஃபோர்த் விங்' நாவலையும் பார்த்தோம். அதன் காதற்பகுதி நமக்கு நிறைவு தரவில்லை. இரு குடும்பங்களுக்கிடையே ஓடிய இரத்தம் பேசித் தீர்க்கப்படுமுன், இளைஞனின் தோற்றமே வழக்கை முடித்துவிடுகிறது. வாலப்பகடையைப் போல் எதிரே நின்று, 'நீ எதைத் தருவாய்?' என்று கேட்பார் அங்கு இல்லை. ஆயின் நாவலில் வேறொரு சரடு உண்டு, அது வலிமையானது. வயலட்டுக்கு அவள் தந்தை விட்டுச் சென்றது ஒரு கட்டுக்கதை நூல். காப்பகத்திலுள்ள வரலாற்று நூல்கள் மறைத்துவிட்ட உண்மை, பிள்ளைகளுக்குச் சொல்லும் அக்கட்டுக்கதையில் ஒளிந்திருக்கிறது. தான் போற்றிய காப்பகமே பொய் சொன்னது என்று எழுத்தராக விரும்பியவள் அறியும் இடம்தான் நூலின் நெஞ்சு. ஒட்டு வைத்த கதையை ஆராய்ந்து ஒட்டைக் காட்டிய வானமாமலையை அறிந்த ஊரில், இவ்விடத்தைப் பற்றி ஏழு பக்கங்களில் ஒரு வரிகூட வராதது நமக்கு வருத்தமே. குறை மாணவியரிடம் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காட்ட வேண்டியவர்கள் நாம்.

இடையில் ஒன்று. டிராகன்களுக்கு ஆசிரியர் இட்ட பெயர்கள் சில ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொற்கள். கரிய பெரிய டிராகனின் முழுப்பெயர் அம்மொழியில் இடியைக் குறிக்கும். ஆசிரியர் அப்பெயர்களைப் பிழையாக ஒலித்தார் என்று கேலிக் பேசுவோர் குறைபட்டுக்கொண்டனர். ஸ்காட்லாந்தில் அம்மொழி பேசுவோர் ஓர் இலட்சத்திற்கும் குறைந்தவர். உலகெங்கும் விற்கும் நாவலில் தம் மொழி அணிகலனாக மட்டும் தொங்குவது அவர்களுக்கு நோவைத் தந்தது. இதுவும் வாசகர் கருத்துத்தான். நட்சத்திரக் கணக்கில் அடங்காத கருத்து. 'ழ'கரத்தைக் கைவிட்டுவரும் நம் மேடைகளில் இதனை எடுத்துச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சமாகவே உள்ளது.

இவையனைத்தையும் பெரியவரை நேரில் கண்டு கூறினோம். பைகளைச் சோதிப்பதற்கில்லை என்றும் சொன்னோம். சோதித்தால் நூல் பையில் இராது, கைப்பேசிக்குள் போய்விடும். அதன்பின் எந்தப் பக்கத்தைத் தள்ளினோம் என்று ஒரு மாணவியும் நம்மிடம் எழுதித் தரமாட்டார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார், உடன்படவில்லை. "உங்கள் மகளாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நாம் படித்துவிட்டு அவளோடு பேசுவோம் என்றோம். "பேசுவதற்கு எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது சார்" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர்மேல் நமக்கிருந்த மனத்தாங்கலும் இல்லை. நூலைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுந்து சென்றார்.

வரும் பருவத்தின் முதற்கூட்டத்தில் 'முத்துப்பட்டன் கதை'யையும் இந்நாவலில் கட்டுக்கதை நூல் பற்றி வரும் பகுதிகளையும் எடுத்துக்கொள்ள இருக்கிறோம். நாவற்பகுதிகளை மாணவியர் இருவர் தமிழில் எடுத்துரைக்க இசைந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் பெரியவரின் பேத்தி. பெரியவருக்கும் அழைப்பு அனுப்பியுள்ளோம். நம் நூலகத்தில் முத்துப்பட்டன் கதை ஒரு படிதான் உள்ளது. அட்டை பிரிந்த அப்படி இப்போது இரவலில் சென்றிருக்கிறது. வீட்டில் வைத்திருப்போர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.