ஆளுக்கொரு லாகின் கொடுங்கள்

எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் கணினி லேபுக்குள் நுழையும் மாணவருக்கு முதல் நாளே பாஸ்வேர்டு சொல்லிவிடுவார்கள். யூசர் நேம் ஸ்டூடன்ட், பாஸ்வேர்டும் ஸ்டூடன்ட். லேபில் இருக்கும் அத்தனை மெஷினுக்கும், மூன்று ஆண்டு மாணவர்களுக்கும், எல்லாத் துறைக்கும் அது ஒன்றுதான். யாராவது மறந்துவிடப்போகிறார்களே என்று போர்டின் மூலையில் எழுதியும் வைத்திருப்பார்கள். லாகின் செய்தால் சர்வரில் ஒரு பொது ஃபோல்டர். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.

நான் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மின். இதை மாற்றலாம் என்று பேச்செடுத்தாலே, "பிள்ளைங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் மாற்றச் சொல்கிறேன். ஏதாவது நடந்துவிட்டால் அத்தனை பேரையும் சந்தேகப்பட வைப்பது இந்தப் பொது லாகின்தான்.

செமஸ்டர் பிராக்டிகல் நெருங்கிய சமயம், இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் புராஜெக்ட் ஃபோல்டர் காணாமல் போனது. சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். எந்த மெஷினிலிருந்து, எத்தனை மணிக்கு அழிக்கப்பட்டது என்பதெல்லாம் இருந்தது. அழித்தவர் பெயர்: ஸ்டூடன்ட். லேப் ரிஜிஸ்டரைப் புரட்டினால் அந்த மெஷினுக்கு நேராக இரண்டாமாண்டுப் பையன் ஒருவனின் கையெழுத்து. "நான் அன்னைக்கு வேற சிஸ்டத்துல உட்கார்ந்தேன் மேடம்" என்றான். உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் கையெழுத்தை மற்றவர் போடுவது எந்த லேபில் நடக்கவில்லை? எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் படிப்பு முடியும்வரை துறையில் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். ஆளுக்கொரு லாகினும் அவரவருக்கு மட்டுமான ஃபோல்டரும் இருந்திருந்தால் அந்த மாணவியைத் தவிர வேறு எந்த மாணவராலும் அந்த ஃபோல்டரைத் தொட்டிருக்கவே முடியாது. அவனும் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்க மாட்டான்.

பலர் ஒரே கணினியைப் பகிரத் தொடங்கிய காலத்திலேயே இந்தத் தலைவலியும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961இல் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒருவர் ஃபைலில் மற்றவர் கைவைக்காமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அதே அமைப்பில் 1960களின் நடுவில் ஒருநாள், லாகின் செய்த எல்லோருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக ஊர்ப்பட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியல் அச்சாகி வந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே பொது டைரக்டரியில் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கிறார்கள். எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைலை உருவாக்க, ஒருவர் திருத்திய பாஸ்வேர்டு பட்டியல் மற்றவருடைய வரவேற்புச் செய்தியின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அமைப்பைப் பராமரித்தவர்களையே பொது டைரக்டரி காலை வாரிவிட்டது.

படிப்பது, எழுதுவது, இயக்குவது என்ற மூன்று அனுமதிகளை உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கும் யூனிக்ஸ் முறையை ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் எழுதி எங்கள் மாணவர்கள் மார்க் வாங்குகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் சர்வரிலோ, யூனிக்ஸ் கணக்கில் சொன்னால், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777!

இது எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது திரையில் 'ஆக்சஸ் டினைட்' என்று வரும். "ஓப்பன் ஆகலையேம்மா, சீக்கிரம் பாரும்மா" என்று போன் வரும். விண்டோஸ் சர்வரில் ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி என்று இரண்டு அடுக்கு உண்டு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். எது தடுக்கிறது என்று நிதானமாகப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இரண்டிலும் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்துவிடுபவர் யாருமில்லை.

ஒரு பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்தால், லாகின் செய்தவருக்கு எழுதும் அனுமதி உள்ள இடமெல்லாம் அது பரவலாம். அதைக்கூடச் சுத்தம் செய்துவிடலாம். எனக்குப் பெரிய பயம் வேறு. ஸ்காலர்ஷிப் சமயத்தில் மாணவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் நகல்களை ஸ்கேன் செய்து, "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று அதே பொது ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மாணவிகளின் செல்போன் எண், வீட்டு முகவரி எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் திறந்தபடி கிடக்கிறது. அது யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தனிநபர் தரவைப் போதிய பாதுகாப்பில்லாமல் விட்டு அது கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து படிப்பார்கள் என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான்கு ஃபோல்டர் போதும். முதலாவது, அவரவர் சொந்த ஃபோல்டர். இரண்டாவது பாடக்குறிப்புக்கு, ஆசிரியர் எழுதுவார், மாணவர் படிக்க மட்டும் முடியும். மூன்றாவது, மாணவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள. லினக்ஸில் இதற்கு ஸ்டிக்கி பிட் என்ற வசதி இருக்கிறது. யாரும் ஃபைலைக் கொண்டுவந்து போடலாம், ஆனால் ஒரு மாணவர் போட்டதை இன்னொரு மாணவர் நீக்க முடியாது. நான்காவது அசைன்மென்ட் ஒப்படைக்க. இதிலும் ஸ்டிக்கி பிட் போட்டு, படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டால், உள்ளே வேறு யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல்கூட மாணவர் கண்ணில் படாது.

செலவு? ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ் மெஷின்களுக்கு ஃபைல் பகிர லினக்ஸ் சர்வரில் அதைப் போட்டுக்கொள்ளலாம். ரோல் நம்பர் பட்டியல் கையில் இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டே எல்லாக் கணக்கையும் உருவாக்கிவிடும். முதல் வாரம் பாஸ்வேர்டு மறந்தவர்கள் என் மேசை முன் வரிசைகட்டி நிற்பார்கள். நிற்கட்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடு, அதற்குமேல் கொடுக்காதே என்று 1975இலேயே கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிவிட்டார்கள். அது மாணவருக்கு மட்டுமான விதி அல்ல. வேலையை விட்டுப் போன ஆசிரியரின் லாகின் வருடக்கணக்கில் உயிரோடு இருப்பது, வீட்டைக் காலி செய்தவரிடமே சாவியை விட்டுவைப்பது மாதிரி. போகிற அன்றே அதை முடக்க வேண்டும். அட்மின்களான நாங்களும் ஒரே அட்மின் பாஸ்வேர்டை நாலு பேர் பகிரக் கூடாது. சர்வர் லாகைக்கூடப் புகார் வந்தால் மட்டுமே, துறைத்தலைவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் நாங்கள் திறக்க வேண்டும்.

வரும் கல்வியாண்டில் அட்மிஷன் பட்டியல் தயாராகும்போதே லாகின் பட்டியலையும் தயாரிக்கச் சொல்லுங்கள் என்று கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களும் சேர்க்கை நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளையின் ஆதார் நகலை எங்கே வைப்பீர்கள், அதை யார் யார் திறக்க முடியும்?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கல்லூரிக்கு அந்த நகலை வாங்கி வைக்கும் தகுதியே கிடையாது.