கால் சுற்று, அரைச் சுற்று

சிக்னலில் நிற்கும்போது பழைய பிரீமியர் பத்மினி உதறிக்கொண்டு அணைந்து போனால், பெரும்பாலான உரிமையாளர்களின் கை முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். மெக்கானிக்குகளிலும் பலர் அப்படியே. பானெட்டைத் தூக்கி, மிக்ஸர் ஸ்க்ரூவை ஒரு திருகு திருகி, ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை உறுமவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்பார்கள். மறுநாள் காலை அதே சிக்னல், அதே உதறல்.

உண்மையில், கடைசியாகத் தொட வேண்டியது அந்த ஸ்க்ரூ. பிளக் இடைவெளி, டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட், டைமிங், ஏர் ஃபில்டர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தால், ஸ்க்ரூவை எத்தனை சுற்று சுற்றினாலும் வண்டி அடங்காது.

பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூக்கள். த்ராட்டில் நெம்புகோலை முட்டி நிற்பது ஐடிலிங் வேகத்துக்கு. ஸ்பிரிங் மாட்டிய, கூர்முனை கொண்ட இன்னொன்று கலவைக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தால் கூடும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுவதும் உள்ளே போன பிறகே வேலையைத் துவக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக, அடி தட்டும் வரை உள்ளே விடுங்கள். பலத்தைக் காட்டினால் கூர்முனையில் பள்ளம் விழுந்து, பிறகு எந்த அளவும் நிலைக்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இனி எல்லாம் காதுதான். கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருந்து, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வேகம் கூடியிருக்கும், அதை மற்ற ஸ்க்ரூவால் இறக்குங்கள். பிறகு மறுபடி மிக்ஸர். இரண்டு மூன்று முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்த பின், உதறல் வராத அளவுக்கு ஒரு துளி உள்ளே திருகி விட்டுவிடலாம்.

எஸ்.யூ. கார்புரேட்டர் பொருத்திய பழைய அம்பாசடர்களில் இந்த வித்தை செல்லாது. அங்கே அடியில் இருக்கும் ஜெட் நட்டைத் திருப்பினால் ஐடிலிங் மட்டுமல்ல, எல்லா வேகத்திலும் கலவை மாறும். பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்ப்பார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு.

சோலெக்ஸ்காரர்களுக்கு ஒரு பேராசை உண்டு: மிக்ஸரை இறுக்கினால் மைலேஜ் கூடும் என்பது. த்ராட்டில் திறந்து வண்டி வேகமெடுத்ததும் பெட்ரோல் பிரதானமாக மெயின் ஜெட் வழியே போகிறது. எனவே நெடுஞ்சாலையில் ஐடிலிங் ஸ்க்ரூவால் பெரிய லாபம் இல்லை. சிக்னலில் அணைவதுதான் மிச்சம்.

புகைச் சான்றிதழுக்காக இறுக்குகிறவர்கள் தனி ரகம். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய பெட்ரோல் கார்களுக்கான விதி. சோதனைக்கு முன் இறுக்கி, சான்றிதழ் கைக்கு வந்ததும் தளர்த்துவது ஊரறிந்த ரகசியம். 2004இல் ஹைட்ரோகார்பனுக்கும் வரம்பு வந்த பிறகு அந்தத் தந்திரம் காலை வாருகிறது: அளவுக்கு மீறி இறுக்கினால் மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியே வந்து மீட்டரை ஏற்றிவிடும்.

மும்பையில் பத்மினி டாக்ஸிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. இஞ்செக்‌ஷன் கார்களிலேயே கைபழகிய இளம் மெக்கானிக்குகளிடம் காது வைத்துக் கேட்கும் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தாங்களே, விடுமுறை நாளில் வீட்டு ஷெட்டில் செய்கிறார்கள். தயவுசெய்து ஷெட்டுக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுவதை உணர்ந்து எழுவதற்குள் கால்கள் ஒத்துழைக்காமல் போகலாம். வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வந்து, அதன்பிறகு பானெட்டைத் தூக்குங்கள்.