நாற்பதாயிரம் ரூபாய் இல்லாவிட்டால் வாசிக்கக் கூடாதா?

இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் முதலில் என் மேல். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி நண்பர்கள் இரண்டு வரி படித்துவிட்டு உடனே போனை எடுக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் பேஸ் கிடார் வாசிப்பவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிசைக் கச்சேரி மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழும் இடத்தில், நாலு தடித்த கம்பி உள்ள நீளக் கழுத்துக் கிடாரோடு ஒருவர் நிற்பார். பாட்டு முடிந்து கைதட்டும்போது அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நடுப்பாட்டில் அவர் கையை எடுத்துவிட்டால், "என்னமோ குறையுதே" என்று முதல் வரிசையில் இருக்கும் தாத்தாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்த ஆள்தான் நான்.

பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி அறையில் ஞாயிறு மாலை கூடுகிறோம். ரயில்வே, வங்கி, தொலைபேசி, பள்ளிக்கூடம் என்று எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். பேஸ் வாசிப்பவர்கள் மட்டும் மூன்று பேர். ஒருவர் ஏழு பேஸ் வைத்திருக்கிறார். அவர் பெயர் 'மியூசியம்'. இன்னொருவர் ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பதால் 'அஞ்சு கம்பி'. "அந்த அஞ்சாவது கம்பி எதுக்கு, கட்டைவிரலை வச்சுக்கவா?" என்று நான் கேட்பேன். "உனக்கு நாலே அதிகம்" என்பார் அவர். "பேஸ்காரன் எங்கே குடியிருக்கான்னு கேட்கவே வேண்டாம். எந்த வீட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல் ஆடுதோ அங்கே" என்பார் டிரம்ஸ்காரர். டீ வரும்வரை இதுதான் நடக்கும். வாசிப்பதைவிட இதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

நாலு மாதம் முன்பு ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது. கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் டெலிவரி வேலை. கையில் ஒரு பழைய பேஸ், ஆறாயிரத்து ஐந்நூறுக்கு யாரிடமோ வாங்கியது. பையைத் திறந்து வெளியே எடுத்தான். எங்கள் மூன்று பேஸ்காரர்களின் கண்ணும் நேரே கழுத்து முனையில் பெயர் தேடிப் போனது. அங்கே ஸ்டிக்கர் உரிந்த தடம்தான் இருந்தது.

நான் சொன்னேன்: "தம்பி, இது பேஸ் இல்லே, கிரிக்கெட் மட்டை. பிக்கப் மட்டும் இலவசமா குடுத்திருக்கான்."

அறை முழுக்கச் சிரிப்பு. பையனும் சிரித்தான். பிறகு ஆளாளுக்கு உபதேசம். "இன்னும் கொஞ்சம் சேர்த்து வச்சு நல்லதா வாங்கியிருக்கலாமே." "குறைஞ்சது நாற்பதாயிரமாவது போட்டாத்தான் அது பேஸ்." "அந்த ஆம்ப் வேண்டாம், இந்த ஆம்ப் வாங்கு." மூன்று வாரம் வந்தான். நாலாவது வாரம் வரவில்லை.

போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். "ஏம்ப்பா வரதில்லே?" என்றேன். "வித்துட்டேன் அங்கிள். காசு சேர்த்துக்கிட்டு இருக்கேன். நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றான். முகத்தில் வருத்தம்கூட இல்லை. நாங்கள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான். அன்று வாங்கப் போன காய்கறியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நண்பர்களே, நாற்பதாயிரம் சேர அவனுக்கு எத்தனை மாதம் ஆகும்? அத்தனை மாதமும் விரல் சும்மா இருக்கும். அதற்குள் வேலை வரும், வீட்டில் ஒரு செலவு வரும், ஆசை போகும். ஒரு வாசிப்பவனை நாங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1977இல் நான் வாசிக்க ஆரம்பித்தபோது என் கையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு தச்சர் செய்து கொடுத்த பேஸ். படத்தைப் பார்த்து அறுத்த பலகை. வெளிநாட்டுச் சாமான் வாங்க வழியும் இல்லை, பணமும் இல்லை. ஆம்ப் கிடையாது, ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியில்தான் செருகுவோம். கம்பி சத்தம் மங்கிப்போனால் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மறுபடி மாட்டுவோம். அம்மா தன் ரசப் பாத்திரத்தைத் தேடிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். ரயில்வேக்காரர். நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்தவர். என் மரப்பலகையை வாங்கி, கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பாலத்தின் கீழே மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகி, திருப்பிக் கொடுத்தார். "இப்ப வாசி" என்றார். அவ்வளவுதான். என் மட்டையைப் பார்த்து அவர் சிரித்திருந்தால் இன்று இந்தப் பதிவே இல்லை.

சாமான்தான் இசை என்று நினைப்பவர்களுக்குச் சில சங்கதிகள். 1951இல் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். ஏன் அது? ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. இது சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்தது. காசில்லாமல் வாங்கிய வயலின் வடிவப் பெட்டியை இன்று உலகமே 'பீட்டில்ஸ் பேஸ்' என்கிறது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்காரர்களுக்கு அவர் குருநாதர் மாதிரி. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அத்தனை பாட்டும் அந்த அழுக்கேறிய கம்பியில் வந்ததுதான். இங்கே நம் 'மியூசியம்' மாதம் ஒரு செட் கம்பி மாற்றுகிறார். மாற்றட்டும், அவர் பென்ஷன். ஆனால் கம்பி மாற்றும் நேரத்துக்கு வாசித்திருந்தால் அந்த இரண்டாவது சரணத்தில் தாளம் ஓடாது!

வெளிநாட்டை விடுங்கள். இளையராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் சசிதரன். நம் வயதுக்காரர்கள் நாற்பது வருஷமாக அவர் விரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. கேட்டு உருகியபோது, "இது எந்தக் கம்பெனி பேஸ்?" என்று யாராவது யோசித்தோமா?

போன வாரம் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். 'மியூசியம்' வீட்டிலிருந்து அவருடைய மிக விலை உயர்ந்த பேஸையும், மிக மலிவான பேஸையும் எடுத்துவரச் சொன்னேன். எல்லாரையும் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லித் தனியாக வாசித்தேன். டிரம்ஸ்காரர் சரியாகக் கண்டுபிடித்தார். பிறகு கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து முழுப்பாட்டு இரண்டு முறை. இந்தத் தடவை ஆளுக்கொரு பதில். பேஸின் சொந்தக்காரரே தப்பாகச் சொன்னார். வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கச்சேரியில் அந்த வித்தியாசம் நாற்பதாயிரம் பெறாது என்கிறேன்.

'அஞ்சு கம்பி' விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. "நம்ம காலத்துல வேற வழி இல்லே, தச்சர் பலகையில வாசிச்சோம். கை கொப்புளம் போட்டு எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க, அதை ஏன் எழுத மாட்டேங்கறே? கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கணும்னு சட்டமா?"

உண்மைதான். கழுத்து வளைந்து, கம்பி உயரமாக நின்று, அழுத்தினால் சுருதி தப்புகிற பேஸ் புதிதாகக் கற்பவனுக்குத் தண்டனை. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி மீட்டினால், வெறும் கம்பியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். வராவிட்டால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் காது கெட்டுப்போகும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு மருந்து என்ன? நாற்பதாயிரமா? கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டுக் கொஞ்சம் திருப்பினால் வளைவு சரியாகும். பாலத்தில் திருகாணியை இறக்கினால் கம்பி தாழும். முன்னும் பின்னும் நகர்த்தினால் சுருதி சேரும். நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகளை அரத்தால் தேய்த்தால் கை கிழியாது. வால்யூம் குமிழ் கரகரத்தால் கிளீனர் ஸ்ப்ரே. எல்லாம் சேர்ந்து ஒரு மாலை வேலை.

அந்த அறையில் அன்று ஆலன் கீ செட் மூன்று இருந்தது. மூன்று பேரின் அனுபவத்தைக் கூட்டினால் நூறு வருஷத்துக்கு மேல் வரும். ஒருவர்கூட அந்தப் பையனின் பேஸைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. பெயர் இல்லை என்றதும் பேச ஆரம்பித்துவிட்டோம். எனக்கு ஒரு பெரியவர் அட்டைத்துண்டு செருகிக் கொடுத்தார். நான் அடுத்தவனுக்குக் கொடுத்தது ஒரு ஜோக்.

அப்படியானால் கிண்டலே கூடாதா என்று கேட்பீர்கள். கிண்டல் இல்லாவிட்டால் எங்கள் கோஷ்டி ஒரே வாரத்தில் கலைந்துவிடும். ஏழு பேஸ் வைத்திருப்பவரை 'மியூசியம்' என்கிறோம். அவர் வீட்டுக்குப் போய் ஏழையும் பார்த்துச் சந்தோஷமாகத் தூங்குவார். ஒரே ஒரு பேஸ் வைத்திருப்பவனின் அந்த ஒன்றையும் மட்டை என்றால் அவனிடம் மிச்சம் என்ன? எனக்குத் திருப்பிக் கொடுக்க 'அஞ்சு கம்பி'க்கு வாய் இருக்கிறது. அறுபத்தாறு வயது அங்கிளுக்கு அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? சிரிக்கத்தான் முடியும். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திருப்பிச் சொல்ல முடியாதவனைச் சொல்வது கிண்டலில் சேராது.

சரி, இனி என்ன? என் கட்டிலுக்கு அடியில் ஒரு நாலு கம்பி பேஸ் பத்து வருஷமாகத் தூங்குகிறது. வெளியே எடுத்துத் துடைத்து, இரண்டாயிரத்துக்குள் புதுக்கம்பி மாட்டி, கழுத்தைச் சரி செய்து வைத்திருக்கிறேன். பையனுக்குப் போன் செய்தேன். "தானம் இல்லேப்பா, இரவல். நீ சொந்தமா வாங்குறவரைக்கும் வச்சுக்கோ. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "யோசிச்சு சொல்றேன் அங்கிள்" என்றான். இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பேஸாக இருக்க வேண்டும் என்றில்லை. வயலின், கீபோர்டு, தபலா, எதுவானாலும். மகன் வாங்கி விட்டது, பேத்தி விட்டுவிட்டுப் போனது. பரணில் இருந்து இறக்குங்கள். தெருவில் கேட்கும் பையன் ஒருவன் இருப்பான்.

எங்கள் கோஷ்டியில் இனி ஒரு விதி. புதிதாக ஒருவர் வந்தால் முதலில் அவர் வாசிப்பதைக் கேட்பது, அடுத்து சாமானைச் சரி செய்து கொடுப்பது. கம்பெனிப் பெயர் பற்றிப் பேச்சே கூடாது. இதற்கு 'அஞ்சு கம்பி' நிச்சயம் மறுப்பு எழுதுவார். எழுதட்டும். ஆனால் வரும் ஞாயிறு ஆலன் கீயை மறக்காமல் எடுத்துவரட்டும்.