நர்சிங் சீட் என்ன லேசுப்பட்டதா?

கம்யூனிட்டி காலேஜ் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. நல்ல யூனிவர்சிட்டியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் என்று ஒரு நினைப்பு. அதோடு நர்சிங்கும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. கம்யூனிட்டி காலேஜில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் அதே காலேஜின் நர்சிங் படிப்பில் அப்படிச் சேர்ந்துவிட முடியாது.

நான் கலிபோர்னியாவில் ஐ.டி. வேலை பார்ப்பவன். மெக்கானிக்கல் படித்துவிட்டு கோடு எழுதிப் பிழைக்கும் கூட்டத்தில் ஒருவன். என் மனைவியும் பி.இ.தான். எச்-4 விசாவில் வந்து, சில வருடம் வீட்டிலிருந்து, பிறகு நர்சிங்தான் படிப்பேன் என்று அவளாகவே முடிவு செய்தாள். போன முறை விண்ணப்பித்தாள், இடம் கிடைக்கவில்லை. இந்த முறை மறுபடியும் போட்டிருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை. இதை ஒட்டி நாங்கள் படித்ததையும் விசாரித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை இருந்த காலம். கொலம்பியா பல்கலையின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மாண்டாக் 1952ல் ஒரு சோதனை முயற்சியாக இரண்டு வருட நர்சிங் படிப்பை ஜூனியர் காலேஜ்களில் தொடங்கி வைத்தார். அதுதான் இன்றைய ஏ.டி.என். நாலு வருட பி.எஸ்.என். படித்தவர் எழுதும் அதே என்க்ளெக்ஸ் தேர்வைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். இருவருக்கும் கிடைப்பது ஒரே ஆர்.என். உரிமம்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2024 மே மாதத்தில் ஒரு ஆர்.என்.னின் இடைநிலை ஆண்டு வருமானம் 93,600 டாலர். படிப்புச் செலவோ, கலிபோர்னியாவாசி என்று காலேஜ் ஏற்றுக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர்தான். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி.

இவ்வளவு மலிவு, இவ்வளவு பலன் என்றால் கூட்டம் அலைமோதாதா? அங்கேதான் சிக்கல்.

இரண்டு வருடப் படிப்பு என்பது பெயருக்குத்தான். உள்ளே போவதற்கு முன்பே அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி ஆகிய மூன்றையும் லேபுடன் முடிக்க வேண்டும். சில காலேஜ்களில் அதற்கு முன் கெமிஸ்ட்ரி. ஆங்கிலம் தனி. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்பதால் மூன்று நான்கு செமஸ்டர் ஓடிவிடும். அனாடமி லேபில் இடம் பிடிப்பதே ஒரு போராட்டம். அதன் பிறகு டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் அதற்குக் குறைந்தபட்சம் 62 சதவீதம் வேண்டும். அது விண்ணப்பிக்கும் தகுதிதான், இடத்துக்கு உத்தரவாதம் அல்ல. சில காலேஜ்கள் தகுதியுள்ளவர்கள் எல்லோரையும் குலுக்கலில் போடுகின்றன. பல காலேஜ்கள் புள்ளிக் கணக்கு வைத்திருக்கின்றன. அண்ணா யூனிவர்சிட்டி கவுன்சலிங்கில் அரை மார்க்கில் காலேஜ் மாறிப்போன தலைமுறைக்கு இது புரியும். அனாடமியில் ஒரு 'பி' விழுந்தாலே வரிசையில் பின்னால் போய்விடுவோம்.

இந்தப் புள்ளிக் கணக்கில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. கலிபோர்னியா கல்விச் சட்டம் இதற்கென்று சில அளவுகோல்களைப் பட்டியலிடுகிறது. மதிப்பெண் மட்டுமல்ல, ஏற்கெனவே வாங்கிய பட்டம், வேலை அல்லது தன்னார்வ அனுபவம், வாழ்க்கையில் சந்தித்த சிரமங்கள், ஆங்கிலம் அல்லாத மொழித் திறன் எல்லாம் அதில் வருகின்றன. மொழிகளுக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் ஸ்பானிஷ், சீனம், தகலாக் ஆகியவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளும் இருக்கின்றன. "தமிழ் படிச்சு இங்க என்ன ஆகப்போகுது?" என்று சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் கையில் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் எந்த மொழி, என்ன சான்று, எத்தனை புள்ளி என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். கவுன்சலரை நேரில் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். ஊரில் வாங்கிய பி.இ.க்கும் அப்படித்தான். அந்தப் பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பாடவாரியாக மதிப்பிட்டுத் தர வேண்டும். அதற்கு ஊர் யூனிவர்சிட்டியிலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கதைக்கு ஆகாது.

எச்-4 விசாவில் இருப்பவர்கள் தனியாக யோசிக்க வேண்டியது இது. படிக்கத் தடையில்லை. ஆனால் உரிமம் வாங்குவது வேறு, வேலை பார்ப்பது வேறு. வேலைக்கு இ.ஏ.டி. வேண்டும். 2015 முதல் அது பெரும்பாலும், கணவன் அல்லது மனைவியின் ஐ-140 அங்கீகரிக்கப்பட்ட எச்-4 துணைவர்களுக்குத்தான் கிடைக்கிறது. இன்னொரு உண்மையும் உண்டு. எச்-1பி வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், துணைவரின் விசாவும் அதோடு சேர்ந்ததுதான். நாலு வருடம் படித்து முடிக்கும்வரை என் வேலை நிலைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. ஆனாலும் அவள் படிப்பது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. லே-ஆஃப் செய்தி வந்தாலே வயிற்றில் புளி கரைகிறது. ஒரே ஆளின் ஒரே துறை வேலையில் குடும்பம் மொத்தமும் தொங்குவதுதான் பெரிய ஆபத்து.

இடம் கிடைக்காத விரக்தியில் குறுக்குவழி தேடுபவர்களையும் பார்க்கிறேன். காத்திருக்கத் தேவையில்லை, உடனே சேரலாம் என்று விளம்பரம் செய்யும் லாப நோக்கப் பள்ளிகளில் கட்டணம் பல மடங்கு. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் மாநில நர்சிங் போர்டின் அனுமதி இருக்கிறதா, அங்கீகாரம் உண்டா, என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதம் என்ன என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. தேர்ச்சி விகிதத்தைக் கலிபோர்னியா போர்டே பள்ளிவாரியாக வெளியிடுகிறது. 2023 ஜனவரியில் புளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக மத்திய அரசு வழக்குப் போட்டது நினைவிருக்கலாம்.

நர்ஸ் போதவில்லை என்று நாடே சொல்கிறது, பிறகு ஏன் சீட் இல்லை? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் காலேஜில் ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப ஆஸ்பத்திரிகளில் இடமும் குறைவு. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கத்தின் கணக்குப்படி 2023ல் இளநிலை, முதுநிலை நர்சிங் படிப்புகளில் மட்டும் தகுதியுள்ள 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கலிபோர்னியாவில் சில கம்யூனிட்டி காலேஜ்கள் பி.எஸ்.என். பட்டமும் தரலாம் என்று கொண்டுவரப்பட்ட மசோதாக்களை 2024ல் ஆளுநர் நியூசம் நிராகரித்துவிட்டார். ஆகவே இடம் கிடைக்காத பெண்ணைப் பார்த்து "இதுக்குக்கூட கிடைக்கலையா?" என்று கேட்பது அறியாமை.

இந்த அறியாமை எங்கிருந்து வந்தது? வேலூர் சி.எம்.சி.யில் 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நாம். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கேரளத்து நர்ஸுகள் அமெரிக்கா வந்தார்கள். பல குடும்பங்களில் மனைவி முதலில் வந்து வேலையில் அமர்ந்து, கணவனையும் பிள்ளைகளையும் பின்னால் வரவழைத்தாள். நம்மில் பலர் எச்-1பி.யில் கம்ப்யூட்டரோடு வந்தோம். அதனால் படிப்பு என்றால் கோடிங், இல்லையென்றால் டாக்டர் என்று மனம் நின்றுவிட்டது. எங்களை "பி.இ. முடிச்சுட்டு பெட்பேன் எடுக்கவா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம், அதுவும் அந்த வேலையில் அடக்கம். நம் அப்பா அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விமானம் பிடித்து நாம் போய்ச் சேரும்வரை அதைச் செய்தது யாரோ ஒரு நர்ஸ்தான்.

தமிழ்ச் சங்கங்கள் வருடா வருடம் காலேஜ் அட்மிஷன் கூட்டம் போடுகின்றன. ஐவி லீக் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். அதில் அரை மணி நேரம் கம்யூனிட்டி காலேஜுக்கு ஒதுக்கட்டும். இதே வழியில் போய் ஆர்.என். ஆன நம் பெண்கள், பையன்கள் வந்து பேசட்டும். காலேஜ் மாவட்டத்தின் அறங்காவலர்களை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிட்டிசன் ஆனவர்கள் தங்கள் ஊர் வேட்பாளரிடம் நர்சிங் சீட்டுகளைக் கூட்ட என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கட்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நர்சிங் என்று சொன்னால், எஸ்.ஏ.டி.க்குச் செலவழித்த அதே அக்கறையோடு அனாடமி மார்க்குக்கும் துணை நில்லுங்கள். மனைவி சொன்னாலும் அப்படித்தான். லேப் இருக்கும் மாலைகளில் சமையலும் பிள்ளைகளும் நம் பொறுப்பு.

இந்த முறையும் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த முறையும் போடுவாள். அதுவரை யாராவது "உங்க வைஃப் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "நர்சிங் சீட்டுக்குப் போட்டி போடறாங்க" என்று தலை நிமிர்ந்து சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.