சாந்தியின் வெள்ளி

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டரில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கம் தொலைக்காட்சியில் ஓடியது. 2012-ல் அவரே சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்.

நேரு ஸ்டேடியத்தில் காலை நடைக்கு வரும் நண்பர், "விதின்னா விதிதானுங்களே" என்றார். அப்படியா? 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் இதே 800 மீட்டரில் முதல் மூன்று இடம் பிடித்த ஆப்பிரிக்கப் பெண்கள் மூவருமே பின்னர் இந்த ஹார்மோன் விதியில் சிக்கினார்கள். விதி எல்லோருக்கும்தான், மாட்டுவது யார் என்று பாருங்கள்.

1936-லும் விதி இருந்தது. பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன் கிரெட்டல் பெர்க்மன் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். யூதர் என்பதால் அணியில் சேர்க்கவில்லை. ஆனால் கடிதத்தில் எழுதிய காரணம் என்ன தெரியுமா? திறமை போதவில்லையாம்! (கடைசியில் 1.62 தாண்டித் தங்கம் வென்ற ஹங்கேரியின் இபோயா சாக்கும் யூதர்தான். ஹிட்லர் ஊரிலேயே!) காகிதத்தில் எழுதும் காரணம் எப்போதும் கண்ணியமாகத்தான் இருக்கிறது.

அழித்த அந்தச் சாதனையை 2009-ல் ஜெர்மனி மீண்டும் பதிவேட்டில் சேர்த்தது. அப்போது பெர்க்மனுக்கு வயது 95. சாந்தியின் வெள்ளி இன்னும் திரும்பவில்லை. அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டியது இந்திய ஒலிம்பிக் சங்கம். அவருக்கும் 95 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.